பந்தய மோட்டார்ச் சைக்கிளின் பின்சில்லுக்கு ஒரு மெத்தை

எமது கல்லூரியின் பௌதிகவியல் ஆய்கூடத்திலே, நான் மாணவனாயிருந்த காலத்தில், எம் ஆசிரியர் செய்து காட்டிய பரிசோதனையொன்று இன்றும் என் நினைவை விட்டகலவில்லை. நிறையொன்றை மெல்லிய நூலிற் கட்டி மெதுவாகத் தொங்கவிட்டார், நூல் தாங்கிற்று. அதே நிறையை ஒரு சாண் உயர்த்தி விழவிட்டார்; நூல் அறுந்தது. பின்னர் நூலுக்கும் கொளுக்கிக்கும் இடையே இறப்பர் வளையமொன்றைக் கோத்து, அதே உயரத்திலிருந்து விழவிட்டார், நூல் அறவில்லை. “நூலும் அதுவே, நிறையும் அதுவே, மாறியது நேரம் மாத்திரமே” என்று கூறிக் கரும்பலகையிற் கணத்தாக்கின் சமன்பாட்டை எழுதினார். உந்தமாற்றம் ஒரே அளவினதாயிருக்க, அம்மாற்றம் நிகழும் நேரம் நீளுமாயின், விசை குறையும் என்பதே அதன் கருத்து.

அண்மையில், மோட்டார்ப் பந்தயங்களில் ஈடுபாடுடைய இளம் பழைய மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு வினாவை விடுத்தார். பழைய 500 கன சென்ரிமீற்றர் ஒற்றை உருளை இயந்திரமொன்றை அவர் மலையேற்ற ஓட்டத்துக்கு ஆயத்தஞ் செய்கின்றார். அதன் பின்சில்லின் குடத்துள் இறப்பர்த் துண்டுகள் சில வைக்கப்பட்டுள்ளன. “இவை வீண்சுமையன்றோ? இவற்றை அகற்றிவிட்டுப் பற்சில்லை நேரே குடத்திற் பூட்டிவிட்டால் என்ன?” என்பதே அவர் வினா. அவருக்கு யான் கூறிய விடையை, எமது மாணவர்க்கும் பயன்படுமென எண்ணி, சற்று விரித்து இங்கு எழுதுகின்றேன்.

அடியும் இடைவெளியும்

மோட்டார்ச் சைக்கிளின் எஞ்சின் வலுவை ஆற்றுநீர்போல இடையறாது வழங்குவதன்று. நான்கடிப்பு எஞ்சினில் முசலம் நான்குமுறை ஓடும்போது ஒருமுறையே எரிபொருள் வெடிக்கின்றது. அதாவது, கிராங் தண்டு இருமுறை சுழல, ஓர் அடி விழுகின்றது. ஏனைய காலமெல்லாம் எஞ்சின் வலுவைத் தருவதில்லை. நெருக்குதற் பொருட்டுச் சிறிது வலுவைத் திரும்பவும் வாங்கிக்கொள்கின்றது.

எடுத்துக்காட்டாக, மான் தீவுப் பந்தயங்களிற் புகழ்பெற்ற மாங்ஸ் நோர்ட்டன் என்னும் ஒற்றை உருளைப் பந்தய இயந்திரத்தைக் கொள்வோம். 1950ஆம் ஆண்டிலே புதுச் சட்டகம் பூண்டு, ஜெஃப் டியூக்கின் கையில் மான் தீவின் சீனியர் பந்தயத்தை வென்ற இனம் அது. அதன் பிற்கால வடிவங்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 7000 சுற்றில் 50 குதிரைவலுவளவு தந்தன. கணக்கிட்டுப் பார்ப்பின், அவ்வேகத்திற் கிராங் தண்டின் சராசரி முறுக்கம் 51 நியூற்றன் மீற்றராகும். உயர் கியரில் எஞ்சின் 4.2 முறை சுழலப் பின்சில்லு ஒருமுறை சுழல்வதாக வைத்துக்கொண்டால், சில்லின் ஒரு சுற்றுக்குள் இரண்டே இரண்டு அடிகள்தாம் விழுகின்றன. சில்லின் சுற்றளவு 2 மீற்றர் எனின், வண்டி மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் விரைகையிலும், ஏறத்தாழ ஒரு மீற்றருக்கு ஒருமுறையே அது உந்தப்படுகின்றது. அவ்விரண்டு உந்தல்களுக்கும் இடையே அதனைக் கொண்டு செல்வது பறப்புச் சில்லின் சடத்துவமும் வண்டியின் சடத்துவமுமேயாம்.

ஆகவே 51 நியூற்றன் மீற்றர் என்பது சராசரி மாத்திரமே. வெடிப்பு நிகழுங் கணத்தில் முறுக்கம் இதனைப் பன்மடங்கு விஞ்சும். அதிற் பெரும்பகுதியைப் பறப்புச் சில்லு உண்டுவிடுகின்றது. எஞ்சியது சங்கிலி வழியே பின்சில்லை நோக்கிச் சம்மட்டியடிபோலச் செல்கின்றது. கியர் மாற்றும்போதும், விசைக் கைப்பிடியை மூடித் திறக்கும்போதும், மேடு தாண்டி அந்தரத்தில் எழுந்த சில்லு மீண்டும் நிலத்தைத் தொடும்போதும் இவ்வடி மேலும் மிகும். நிலத்தைத் தொடுங் கணத்தில் அடி எதிர்த்திசையிலே, சில்லிலிருந்து எஞ்சினை நோக்கி வருவதுமுண்டு.

இவ்வடியைத் தாங்குவன எவை? சங்கிலியின் ஆணிகள், கியர்ப்பெட்டியின் பற்கள், பற்சில்லைப் பூட்டிய மரையாணிகள், சில்லின் கம்பிகள், இறுதியாக ரயர் நிலத்தைப் பற்றியிருக்கும் உள்ளங்கையளவான இடம் என்பனவே. எம் ஆசிரியரின் நூல் இவையனைத்துமாம். குடத்துள் இருக்கும் இறப்பர்த் துண்டுகளே அவர் கோத்த வளையம்.

மெத்தையை வைக்கும் இடம்

ஆங்கிலத்தில் ‘கஷ் டிரைவ்’ எனப்படும் இம்மெத்தையை முன்னையோர் மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தனர். பீ. எஸ். ஏ. முதலிய நிறுவனத்தார் கிராங் தண்டின் நுனியிலேயே, வில்லினால் அழுத்தப்பட்ட சரிவுப் பற்களிரண்டை வைத்தனர். அடி விழும்போது அவை ஒன்றன்மேலொன்று ஏறி வில்லை நெருக்கும். நோர்ட்டன் நிறுவனத்தார் கிளச்சின் நடுவே இறப்பர்த் துண்டுகளை வைத்தனர். ரோயல் என்பீல்ட் நிறுவனத்தார், 20ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்திலேயே, பின்சில்லின் குடத்தில் வைத்துப் பெயர் பெற்றனர். இன்று வீதியில் ஓடும் மோட்டார்ச் சைக்கிள்களிற் பெரும்பாலானவற்றில் இவ்விடமே வழக்காயிற்று.

ஒவ்வோரிடத்துக்கும் நன்மையுந் தீமையும் உள. கிராங் தண்டிலே முறுக்கம் மிகச் சிறிது. ஆதலாற் சிறிய மெத்தையே போதும். ஆயின் அது சில்லின் பக்கமிருந்து வரும் அடியைச் சங்கிலியும் கியர்ப்பெட்டியும் வாங்கிய பின்னரே வாங்கும். குடத்தில் வைத்த மெத்தையோ அவ்வடியைச் சங்கிலிக்கு முன்னரே வாங்கிவிடும். ஆனால் அங்கே முறுக்கம் மிகப் பெரிது. முன்கூறிய இயந்திரத்தில் முதற்கியர் எஞ்சினின் 7.5 சுற்றைச் சில்லின் ஒரு சுற்றாக்குமெனின், குடத்தில் சராசரி முறுக்கமே 380 நியூற்றன் மீற்றராகும். பற்சில்லின் ஆரை 106 மில்லிமீற்றராயின், சங்கிலியின் இழுப்பு ஏறத்தாழ 3600 நியூற்றன். இஃது ஏழு மூடை அரிசிக்கு மேற்பட்ட நிறையைச் சங்கிலியில் தொங்கவிட்டதற்கு ஒப்பாகும், மூடையொன்று 50 கிலோகிராம் எனக் கொண்டால்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. குடத்தில் மெத்தை 1 பாகை நெகிழ்ந்தால், உயர் கியரிற் கிராங் தண்டு 4.2 பாகையும், முதற்கியரில் 7.5 பாகையும் கூடுதலாகச் சுழல இடங் கிடைக்கின்றது. குடத்தின் சிறு நெகிழ்வு எஞ்சினுக்குப் பெரு நெகிழ்வாகும். இதனை மனத்திற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

அகற்றினால் யாதாகும்?

மண்டரையில் ஓடும் பந்தய வண்டிகள் பலவற்றில் இம்மெத்தை இல்லை. அங்கு மண்ணே நெகிழ்ந்து கொடுக்கின்றது. அடி மிகுந்தால் சில்லு வழுக்கிவிடும். அதே வண்டிக்குத் தார்வீதி ரயர் பூட்டி ஓட்டினோர், கியர்ப்பெட்டி தேய்ந்து கெடக்கண்டு, மெத்தை வைத்த குடங்களை நாடினர். தார் வீதி நெகிழாது. ஆதலால் வண்டியுள் ஏதேனுமொன்று நெகிழ்ந்தே தீரல் வேண்டும்.

ரயரின் பிடிப்பும் இதனோடு தொடர்புடையது. வளைவிற் சாய்ந்து செல்லும் ரயர், பக்கவிசையையும் முன்னுந்தலையும் ஒருங்கே தாங்குகின்றது. சராசரி உந்தல் அளவோடிருப்பினும், அடியின் உச்சம் பிடிப்பின் எல்லையைக் கடந்தால் சில்லு வழுக்கத் தொடங்கும். அடியின் தன்மை ஓட்டத்தை எவ்வாறு மாற்றும் என்பதற்கு 1992ஆம் ஆண்டின் ஹொண்டா என். எஸ். ஆர். 500 சான்றாகும். அதன் நான்கு உருளைகளும் கிராங் தண்டின் ஏறத்தாழ 70 பாகைக்குள் அடுத்தடுத்து வெடிக்குமாறு ஒழுங்கு செய்யப்பட்டன. அடிகளுக்கு இடையே நீண்ட ஓய்வு கிடைத்தமையால், ரயர் மீண்டும் நிலத்தைப் பற்றிக்கொள்ள நேரம் பெற்றது என விளக்கினர். அவ்வொழுங்கில், ஒன்றுகூடிய அடிகளின் பாரம் கியர்களின் மேலும் சங்கிலியின் மேலும் விழுந்தது என்பதையும் மறத்தலாகாது.

நிற்க. மெத்தையை அகற்றுவதால் மிஞ்சும் நிறை யாது? இறப்பர்த் துண்டுகள் சில நூறு கிராமே. வில்லின்மேல் அமையாத நிறை எவ்வளவு குறைந்தாலும் நன்றே என்பது உண்மை. ஆயினும், அதன் விலையாகச் சங்கிலியின் உறுதியைக் கொடுத்தல் நட்டமான வாணிகமாம்.

இவ்விடத்தில் என் சொந்தக் குறையொன்றைச் சொல்லாதிருத்தல் நேர்மையாகாது. தொழில் பழகிய காலத்தில், நண்பர் ஒருவரின் பந்தய வண்டியை ஓட்டத்துக்கு முன்னர்ப் பார்வையிடும் பொறுப்பு என்னிடமிருந்தது. சங்கிலியைக் கழுவி, ஒவ்வோர் இணைப்பாக நோக்கினேன், புதியதே. குடத்தைத் திறந்து பார்த்திலேன். மூன்றாஞ் சுற்றில் வளைவை விட்டு வெளியேறும்போது சங்கிலி அறுந்து, பற்சில்லுக்கும் சட்டகத்துக்கும் இடையே சுருண்டு, பின்சில்லு இறுகி நின்றுவிட்டது. அவர் உயிர் பிழைத்தார். ஆயின் அவரது இடக்கால் பழைய நிலையை அடையவேயில்லை. பின்னர்க் குடத்தைத் திறந்தபோது, இறப்பர்த் துண்டுகள் கரித்தூளாய்க் கொட்டின. அன்றுதொட்டு, தளர்ந்த மெத்தை மெத்தையின்மையினுங் கொடிது என்பதை யான் பிறர்க்குச் சொல்லாத நாளில்லை.

அதற்குரிய காரணம் இதுவாகும். தேய்ந்த இறப்பருக்கும் உலோகச் சிறகுக்கும் இடையே 2 மில்லிமீற்றர் வெளி உண்டெனக் கொள்வோம். சிறகு அச்சிலிருந்து 60 மில்லிமீற்றர் தூரத்தில் இருப்பின், அவ்வெளி ஏறத்தாழ 1.9 பாகையாகும். முன்கூறியவாறு முதற்கியரில் அது கிராங் தண்டின் 14 பாகைக்குச் சமம். அந்த 14 பாகையிலும் எஞ்சின் தடையின்றி விரைந்து, பின் சடுதியாக மோதுகின்றது. ஓங்காத சம்மட்டியினும் ஓங்கிய சம்மட்டி வலிதன்றோ? இறுகப் பூட்டிய பற்சில்லில் இவ்வோங்கலுக்கு இடமில்லை. தளர்ந்த மெத்தையில் உண்டு.

திருத்தும் முறை

முதலாவது, தளர்வை அளத்தல். வண்டியை நிறுத்தியில் உயர்த்தி, கியரில் இட்டு, பின்சில்லைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைக்க. சங்கிலி ஒருபக்கம் இறுகிய பின்னரும், பற்சில்லு அசையாதிருக்கச் சில்லு மாத்திரம் தடையின்றி ஆடுமாயின், அதுவே குடத்தின் தளர்வு. ரயரில் சுண்ணக்கட்டியாற் குறியிட்டு அதனை அளந்து எழுதி வைத்தல் நன்று. நல்ல மெத்தை முதலசைவிலிருந்தே எதிர்த்து நிற்கும்.

இரண்டாவது, வெளியை நிரப்புதல். பழைய ரியூபின் கீலங்களை இறப்பர்த் துண்டுக்கும் சிறகுக்கும் இடையே செருகுவது எங்குமுள்ள வழக்கு. அவசரத்துக்கு அஃது உதவும். ரியூபுகள் பெரும்பாலும் பியூற்றைல் இறப்பராலானவை. அது அதிர்வை நன்கு விழுங்குவது. எனினும் இறுக்கம் மிகலாகாது. இங்கே பலரும் இடறும் உண்மையொன்றுண்டு: இறப்பர் உருவம் மாறுமேயன்றிக் கனவளவிற் சுருங்காது. ஒருபக்கம் அழுத்தினால் மறுபக்கம் பிதுங்கும். பிதுங்க இடமில்லாதவாறு அறையை முற்றாக நிரப்பிவிட்டால், மென்மையான இறப்பரும் கல்லாகிவிடும். ஆகையால் சிறகுகளுக்கு எதிரே சற்றே அழுத்தமும், பக்கங்களிலும் முனைகளிலும் பிதுங்குதற்கு வெளியும் வேண்டும். துண்டின் நடுவே துளையிடுதலும் ஒரு வழியே. துளை மூடும்வரை மெத்தை மெதுவாக நெகிழும். மூடிய பின்னர் வன்மையாக எதிர்க்கும். சிறு அடிக்கு மென்மையும் பேரடிக்கு வன்மையும் இவ்வாறு ஒரே துண்டிற் கிடைக்கின்றன.

மூன்றாவது, ஆரையைக் கூட்டுதல். புதுக் குடம் செய்விக்கும் வாய்ப்புள்ளோர் இதனைக் கருதுக. 380 நியூற்றன் மீற்றர் முறுக்கம் 60 மில்லிமீற்றர் ஆரையில் 6300 நியூற்றன் விசையாகும். 75 மில்லிமீற்றரில் 5100 நியூற்றனுக்குக் குறையும். இறப்பரின் தகைப்பு ஐந்திலொரு பங்கு குறைவதால் அதன் ஆயுள் நீளும். ஆயின் முறுக்கத்தை எதிர்க்கும் விறைப்பு ஆரையின் வர்க்கத்துக்கேற்ப வளர்வதால், அதே துண்டுகள் ஒன்றரை மடங்குக்கு மேல் விறைப்பாகத் தோன்றும். எனவே ஆரையைக் கூட்டுவோர் மென்மையான இறப்பரையோ நீண்ட துண்டுகளையோ உடன் தேர்தல் வேண்டும். ஒன்றை மாற்றி மற்றொன்றை மறந்தவர், “மெத்தை பயனற்றது” என்று முடிவு செய்வர்.

நான்காவது, இருதிசைக்கும் வேறு துண்டுகள் வைத்தல். உந்தும் திசையில் விழும் பாரம் பெரிது. எஞ்சின் தடுக்குந் திசையிற் சிறிது. நோர்ட்டன் அமைப்பில் உந்துபக்கம் தடித்த துண்டுகளும் மறுபக்கம் மெல்லிய துண்டுகளும் இருந்தமை இதனாலேயே. கழற்றிப் பூட்டும்போது இவற்றை மாறி வைத்துவிடாதிருக்க.

ஐந்தாவது, பொருளைத் தேர்தல். இயற்கை இறப்பர் ஓயாத நெகிழ்வைத் தாங்குவதில் மிகச் சிறந்தது. 1876ஆம் ஆண்டிலே கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூந்தோட்டத்தில் நடப்பட்ட நாற்றுகளால் எம் நாட்டில் வேரூன்றிய பயிர் அது. ஆயின் எண்ணெய் அதற்குப் பகை. சங்கிலி எண்ணெய் பட்டால் ஊதிக் குழைந்துவிடும். எண்ணெய் படும் இடத்துக்கு நைற்றைல் இறப்பர் ஏற்றது. பொலியூரிதேன் உராய்வை நன்கு தாங்கும். ஆயின் மிகுந்த சூடு அதற்கு ஆகாது. பின்பிரேக் அக்குடத்திலேயே அமைந்த பழைய வண்டிகளில், மலையிறக்கத்திற் குடம் கொதிப்பதை மறக்கலாகாது. மென்மை வன்மையைப் பொறுத்தவரை, முன்னிருந்த துண்டின் வன்மையினின்று தொடங்கிச் சிறிது சிறிதாக மாற்றுதலே அறிவுடைமை.

ஆறாவது, பற்சில்லைத் தாங்கும் தட்டுக்குத் தனியாகப் பெயரிங் உண்டா, அது தேயாதுளதா எனப் பார்த்தல். பெயரிங் தேய்ந்தால் பற்சில்லு சாய்ந்தாடிச் சங்கிலியைத் தின்னும். இறப்பரின் பணி முறுக்கத்தை வாங்குவதேயன்றிப் பற்சில்லை நேர்நிறுத்துவதன்று. இறப்பர் முற்றாக அழிந்தாலும், உலோகச் சிறகுகள் ஒன்றையொன்று பற்றிச் சில்லைச் சுழற்றுமாறு அமைப்பு இருத்தல் வேண்டும்.

ஏழாவது, சங்கிலியின் தொய்வு. பின்கவரின் சுழலச்சு, கியர்ப்பெட்டியின் பற்சில்லு, பின்னச்சு ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போதே சங்கிலி மிக இறுகும். அந்நிலையிலும் சிறு தொய்வு எஞ்சுமாறு அமைக்க. மெத்தையைத் திருத்திவிட்டுச் சங்கிலியை இறுக்கிவிட்டால், செய்த வேலை பாழாகும்.

மென்மைக்கும் எல்லை உண்டு

மெத்தை நன்றெனின் மிக மென்மையான மெத்தை மிக நன்றன்றோ என வினவலாம். அன்று. மெத்தையும் அதன் இருபுறத்துச் சடத்துவமும் சேர்ந்து தமக்கென ஓர் இயற்கை மீடிறன் உடையன. வெடிப்புகளின் மீடிறன் அதனோடு ஒன்றினாற் பரிவு உண்டாகி, அதிர்வு பெருகும். நிமிடத்துக்கு 7000 சுற்றில் செக்கனுக்கு 58 வெடிப்புகள். 2000 சுற்றில் 17க்குங் குறைவு. உயர் கியரில் மிக மெதுவாகச் செல்லும்போது வண்டி குலுங்கித் துள்ளுவதற்கு இதுவுமொரு காரணம். பரிவு, பந்தயத்தில் எஞ்சின் ஓடும் எல்லைக்குக் கீழே அமைதல் வேண்டும். மறுபுறம், மெத்தை வரம்பின்றி நெகிழ்ந்தால், ஓட்டுநர் விசைக் கைப்பிடியைத் திறந்ததற்கும் சில்லு உந்துதற்கும் இடையே ஒரு தயக்கம் தோன்றும். வளைவின் நடுவே அத்தயக்கம் நம்பிக்கையைக் குலைக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவைக் கணக்கு ஓரளவு காட்டும். எஞ்சியதை வீதியே காட்டும். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக, மாற்றியதை எழுதுக, ஓடியபின் குடத்தைத் திறந்து, இறப்பர்த் தூள் உண்டா, துண்டின் முகம் பளபளக்கின்றதா, பிளந்ததா என நோக்குக.

நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றத்துக்கும், போர்க்கால விமானத்தளமாயிருந்த கட்டுக்குருந்தையின் சமதரைக்கும் ஒரே மெத்தை பொருந்துமென எதிர்பார்த்தலும் தகாது. முன்னதில் முதற்கியரின் பேரடியும் ஊசிவளைவும்; பின்னதில் நீண்ட ஓட்டமும் கடும் வேகமும். இடத்துக்கேற்பத் துண்டுகளை மாற்றிக்கொள்வதற்கு வேண்டியது அரைமணி நேரமே.

வினாவிய இளைஞர் ஈற்றில் மெத்தையை அகற்றவில்லை. குடத்தைத் திறந்தபோது அவர் கண்டது, ஆறு துண்டுகளில் இரண்டு பிளந்தும் ஏனையவை எண்ணெயில் ஊதியும் இருந்தமையையே. புதுத் துண்டுகளை வெட்டி, பிதுங்கிடம் விட்டுப் பூட்டினார். அவர் பரிசு பெறுவாரோ பெறாரோ, யானறியேன். குடத்தைத் திறந்து பார்த்துவிட்டே அவர் தொடக்கக் கோட்டில் நிற்பார் என்பதை அறிவேன். எனக்கு அது போதும்.

எமது ஆய்கூடத்தில் இன்றும் நூலும் நிறையும் இறப்பர் வளையமும் இருக்கின்றன. மாணவர்காள், அப்பரிசோதனையைப் பரீட்சைக்கு மாத்திரம் உரியதெனக் கருதிவிடாதீர்கள். அந்நூலின் நுனியில் தொங்குவது சிலவேளைகளில் ஒருவருடைய உயிராகவும் இருக்கும்.